முதல் டிரைவர் பழசாகவே இருக்கட்டும்

கோல்ஃப் பழக ஆரம்பித்தவர் காதில் சீக்கிரமே விழுந்துவிடும் அறிவுரை ஒன்று உண்டு. "மத்த மட்டையெல்லாம் எப்படியோ போகட்டும் சார், டிரைவர்ல மட்டும் காசு பார்க்காதீங்க. புது மாடலா எடுங்க. இப்ப வர்ற டெக்னாலஜியே புதுசா ஆடறவங்களுக்காகத்தான்." கடைக்காரர் சொன்னால் அது அவர் பிழைப்பு. ஆனால் பயிற்சி ரேஞ்சில் பக்கத்தில் நின்று அடிப்பவர், அலுவலக நண்பர், சில சமயம் கோச்சுகூட இதையே சொல்கிறார்கள். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. கைதேர்ந்தவர் எதை வைத்தும் அடித்துவிடுவார்; தடுமாறுகிறவருக்குத்தான் மட்டையின் உதவி வேண்டும்; அந்த உதவி புது மட்டையில்தான் அதிகம்; ஆகவே புதியவர் புதியதையே வாங்க வேண்டும். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு. அது விழுந்தால் நான்காவதற்கு நிற்க இடமில்லை.

2024-ல் அமெரிக்காவில் முன்னணி நிறுவனங்களின் புது டிரைவர் 599 டாலருக்கு விற்றது. இறக்குமதிச் செலவெல்லாம் சேர்ந்து நம் ஊர்க் கடைக்கு வரும்போது அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தொடும். பந்தைத் தொலைவுக்கு அடிக்கும், ஆனால் ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் பதினான்கு முறைக்கு மேல் கையில் எடுக்காத மட்டை அது. சென்னை நந்தனத்திலோ கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்திலோ இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கும் ஒருவரை, இன்னும் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாத நிலையில், இந்தத் தொகைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. சிக்கலே அங்கேதான்.

டிரைவர் என்றால் மரக்கட்டை என்றிருந்த காலம் 1980-கள் வரை நீண்டது. பெர்சிம்மன் மரத்தில் கடைந்த, கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவுள்ள தலை. 1979-ல் டெய்லர்மேட் எஃகுத் தலையோடு வந்தது. 1991-ல் காலவே கம்பெனியின் பிக் பெர்த்தா. 1995-ல் அதே கம்பெனி டைட்டேனியத்தில் செய்த கிரேட் பிக் பெர்த்தா. எஃகை விட இலேசான உலோகம் கிடைத்ததும் தலையை ஊதிப் பெருக்க முடிந்தது, முகப்பைத் தகடுபோல் மெல்லியதாக்க முடிந்தது. மெல்லிய முகப்பு பந்து படும்போது உள்ளே அமுங்கி, திரும்ப உந்தித் தள்ளும். அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிரைவர் வைத்திருந்தவர் உண்மையிலேயே பின்தங்கினார். இன்றைக்குப் பிறருக்கு அறிவுரை சொல்லும் மூத்த ஆட்டக்காரர்கள் பலர் அந்தக் காலத்தில் விளையாடக் கற்றவர்கள். தங்கள் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அனுபவத்துக்குப் பிறகு ஒரு சட்டம் வந்துவிட்டது.

2000-ஆம் ஆண்டு காலவே இஆர்சி 2 என்ற டிரைவரை வெளியிட்டது. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ வகுத்த உந்துதல் வரம்பை அது மீறியது. விதிக்கு உட்படாத மட்டை என்று தெரிந்தே, பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் இதை வைத்துக்கொண்டால் என்ன தப்பு என்று கோல்ஃப் மேதை ஆர்னால்ட் பால்மரே ஆதரவாகப் பேசினார். பெரிய சர்ச்சை. முடிவில் விதிதான் வென்றது. 2008 முதல் உலகம் முழுவதும் எல்லா நிலை ஆட்டக்காரர்களுக்கும் ஒரே வரம்பு. சோதனை எளிது. ஊசலில் தொங்கும் சிறிய எஃகுக் குண்டு முகப்பின்மேல் வந்து மோதும். மோதியது விலக எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பார்கள். முகப்பு அதிகம் நெகிழ்ந்தால் குண்டு அதிக நேரம் ஒட்டியிருக்கும். 239 மைக்ரோ விநாடி வரம்பு, அளவீட்டுப் பிழைக்கு இன்னும் 18, ஆக 257. அதற்கு மேல் போனால் அந்த டிரைவர் போட்டிக்கு ஆகாது. இந்தச் சுவரில் பெரிய கம்பெனிகள் எல்லாம் அப்போதே போய் முட்டி நின்றுவிட்டன. நடு முகப்பில் பட்ட பந்தை 2024-ன் மட்டையும் 2014-ன் மட்டையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் அனுப்பும். அனுப்பித்தான் ஆக வேண்டும், சட்டம் அப்படி.

"சரி, நடுவில் பட்டால்தானே அந்தக் கணக்கு? புதுசா ஆடறவருக்கு நடுவுல எங்க படுது? ஓரத்துல பட்டாலும் நேராப் போற மாதிரி மன்னிக்கிற குணம்தான் புது மட்டையில விசேஷம்" என்பது அடுத்த வாதம். இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம், இதை மெல்லக் கடந்து போகக் கூடாது. ஓரத்தில் பந்து பட்டால் தலை முறுக்கிக்கொள்ளும். முறுக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவைத்தான் கடைக்காரர் எம்ஓஐ என்கிறார். பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதே சங்கதி. எடையைத் தலையின் ஓரங்களுக்குத் தள்ளத் தள்ள அது கூடும். தலை பெரிதாகப் பெரிதாகக் கூடும். இந்த இரண்டுக்கும் விதி பூட்டுப் போட்டிருக்கிறது. தலையின் பருமன் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குதிகால் பக்கமிருந்து நுனிப் பக்கம் வரையிலான எம்ஓஐ 5900-ஐத் தாண்டக் கூடாது.

2007-ல் நைக்கி ஒரு சதுரத் தலை டிரைவரை விற்றது. பெயரிலேயே 5900 என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டது. அடித்தால் தகரத்தைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அது ஓடியதா இல்லையா என்பது நமக்கு முக்கியமில்லை. மன்னிப்பின் உச்சவரம்பை மட்டையின் பெயராகவே வைத்து விற்பனை செய்த ஆண்டு 2007 என்பதுதான் முக்கியம். பதினேழு ஆண்டு கழித்து, 2024-ல், பிங் நிறுவனமும் டெய்லர்மேட்டும் "பத்தாயிரம்" என்ற எண்ணோடு வந்தன. 5900 வரம்பு இருக்கும்போது பத்தாயிரம் எப்படி? இரண்டு அச்சுகளின் அளவைக் கூட்டிச் சொல்கிறார்கள். குதிகால்–நுனி அச்சில் ஓர் எண், மேல்–கீழ் அச்சில் இன்னோர் எண், இரண்டையும் கூட்டினால் பத்தாயிரம். பொய் இல்லை. ஆனால் கடையில் நிற்கும் புதியவர் காதில் அது "இரண்டு மடங்கு மன்னிப்பு" என்றுதான் விழும். அப்படி விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முகப்பின் கீழ்ப்பகுதியில் பட்ட பந்தும் ஓரளவு வேகம் குறையாமல் போவது, தலையின் மேற்பகுதியைக் கார்பனில் செய்து எடையைக் கீழே இறக்கியது, இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். அதனால்தான் 2005-ன் டிரைவரை வாங்கச் சொல்லமாட்டேன். ஆனால் இவற்றின் பலனில் பெரும்பகுதி 2014-ன் பிங் ஜி30-லும், 2016-ன் டெய்லர்மேட் எம்2-விலும், 2018-ன் பிங் ஜி400 மேக்ஸிலும் வந்தாயிற்று. அவை இப்போது பழைய மட்டைச் சந்தையில் புது விலையின் மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழோ கிடைக்கின்றன. மிச்சமிருக்கும் வித்தியாசம் சில யார்டு. அந்தச் சில யார்டை உணர்வதற்கே பந்து திரும்பத் திரும்ப ஒரே மாதிரிப் போக வேண்டும். முதல் வருஷத்தில் அது நடக்காது.

கணக்கும் இதையே சொல்கிறது. யுஎஸ்ஜிஏவும் விதி வகுக்கும் இன்னோர் அமைப்பான ஆர் அண்ட் ஏவும் பிரிட்டனில் சாதாரண ஆண் ஆட்டக்காரர்களின் டிரைவைப் பல ஆண்டுகள் அளந்தன. 1996-ல் சராசரி 200 யார்டு. 2019-ல் 216. அந்த ஏற்றமும் பெரும்பாலும் 2000-களின் நடுப்பகுதிக்கு முன்பே, அதாவது டைட்டேனியம் பரவிய காலத்திலேயே நடந்து முடிந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மாடலும் விளம்பரத்தில் பத்து யார்டு கூட்டியது. அந்தப் பத்துப் பத்து யார்டெல்லாம் எந்தப் புல்லில் போய் விழுந்தன?

இன்னொரு ஒப்பீடு இதைவிடத் தெளிவானது. சராசரி ஆண் ஆட்டக்காரரின் டிரைவர் வீச்சு மணிக்கு சுமார் 93 மைல். அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை டூரான எல்பிஜிஏவின் சராசரியும் கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பெண்களின் பந்து காற்றில் மட்டுமே 215 யார்டுக்கு மேல் பறக்கிறது. நம் ஆண் ஆட்டக்காரருக்கு உருண்டு நின்ற பிறகுதான் அந்த இடம். ஒரே வேகம், ஒரே விதிக்கு உட்பட்ட மட்டை. வித்தியாசம் எல்லாம் பந்து முகப்பில் எங்கே படுகிறது, எந்தக் கோணத்தில் எழும்புகிறது, எவ்வளவு சுழல்கிறது என்பதில் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியுமென்றால், கோச்சிடம்தான் வாங்க முடியும்.

புதியவரின் உண்மையான நோய் ஸ்லைஸ். வலக்கைக்காரருக்குப் பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி வலப்பக்கக் காட்டுக்குள் போய்விடும். மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டுவதும், அந்தப் பாதைக்கு முகப்பு திறந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை. நடு முகப்பில் கச்சிதமாகப் பட்டாலும் இது நடக்கும். இதில் எம்ஓஐக்கு வேலையே இல்லை. பத்தாயிரம் அல்ல, இருபதாயிரம் இருந்தாலும் திறந்த முகப்பு மூடிக்கொள்ளாது. ஆனால் ஸ்லைஸைக் குறைக்கும் ஓர் அம்சம் மட்டையில் உண்டு. அதற்குத் தனி விலை கிடையாது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. லாஃப்ட்.

டிரைவர் முகப்பு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட். தொலைக்காட்சியில் ஆடுகிறவர்கள் 9 டிகிரி வைத்திருப்பதால் நம்மவரும் 9 கேட்கிறார். 12 டிகிரி என்று தலையின் அடியில் எழுதியிருந்தால் அது பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் என்று ஒதுக்கிவிடுகிறார். டூர் ஆண்கள் மணிக்கு 113 மைல், அதற்கும் மேல் வீசுகிறவர்கள். அவர்களுக்குப் பந்து தேவைக்கு மேல் எழும்பிவிடக் கூடாது என்பது கவலை. 85 மைலில் வீசுகிறவருக்குப் பந்து எழும்பவே வழி தேட வேண்டும். அது மட்டுமல்ல. முகப்பு ஒரே அளவு திறந்திருந்தாலும், லாஃப்ட் குறைவாக இருக்கும் மட்டையில் பந்தின் சுழல் அச்சு அதிகமாகச் சாயும். பக்கவாட்டில் அதிகமாக வளையும். லாஃப்ட் கூடினால் பின்சுழல் கூடி வளைவு குறையும். ஆக 9 டிகிரியை ஆசைப்பட்டு வாங்கியவர் ஸ்லைஸையும் சேர்த்து வாங்குகிறார். பத்தரைக்குக் கீழே போகாதீர்கள். 12 கிடைத்தால் விடாதீர்கள். பழைய சந்தையில் 12 டிகிரித் தலைகள் கேட்பாரற்றுக் கிடப்பதற்குக் காரணம் வெறும் கூச்சம். அந்தக் கூச்சம் உங்களுக்கு லாபம்.

லாஃப்டுக்கு அடுத்து நீளம். மர டிரைவர்களின் நீளம் 43 அங்குலத்தைச் சுற்றி இருந்தது. இப்போது கடையில் தொங்குவது நாற்பத்தைந்தரையும் அதற்கு மேலும். நீளம் கூடினால் தலையின் வேகம் கொஞ்சம் கூடும், ரேஞ்சில் காட்டும் எண் அழகாக இருக்கும், விற்பனை நடக்கும். நடு முகப்பில் படுவது குறையும். 2017-ல் ரிக்கி ஃபௌலரும் ஜிம்மி வாக்கரும் டிரைவரைக் குட்டையாக்கிக்கொண்டு ஆடினார்கள். ஃபௌலருடையது நாற்பத்து மூன்றரை, வாக்கருடையது 42. உலகத்தரமான கைகளே அந்த நீளத்தைச் சுமையாக நினைத்தபோது, சனிக்கிழமை காலை மட்டும் ஆடும் கை என்ன செய்யும்? ஷாஃப்டை, அதாவது மட்டையின் தண்டை, வெட்டவும் வேண்டாம். கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தால் போதும். செலவு ஏதுமில்லை.

ஷாஃப்டின் விறைப்பைக் குறிக்கும் எஸ் (விறைப்பு), ஆர் (சாதாரணம்) என்ற எழுத்துகளுக்குக் கம்பெனிகளுக்கிடையே பொது அளவே கிடையாது. ஒருவரின் ஆர் இன்னொருவரின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். சந்தேகமிருந்தால் இளகியதை எடுங்கள்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று போதும். பந்தின் பின்பக்கம் ஒரு காசு அளவுக்கு மையைத் தீட்டி, அந்தப் பக்கம் மட்டையைப் பார்த்திருக்கும்படி டீ என்ற சிறு முளையில் வைத்து அடியுங்கள். மை முகப்பில் ஒட்டிக்கொள்ளும். துடைக்காமல் ஏழெட்டுப் பந்து அடித்தபின் முகப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒன்று நுனியோரம், ஒன்று குதிகாலில், ஒன்று மேல் விளிம்பை ஒட்டி, இன்னொன்று முகப்பிலேயே இல்லை, தலையின் உச்சியில் பெயின்ட்மேல். புது மட்டை, பழைய மட்டை இரண்டையும் இப்படி அடித்துப் பார்த்தால், புள்ளிகள் சிதறிக் கிடக்கும் விதத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. பிறகு ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து அடியுங்கள். அப்போது தெரியும்.

"நல்லதா ஒண்ணு வாங்கிட்டா அப்புறம் மாத்தவே வேண்டாம்" என்பார்கள். நம் வீட்டில் மிக்சிக்கும் பீரோவுக்கும் சொல்லிப் பழகிய நியாயம் இது, டிரைவருக்குப் பொருந்தாது. முதல் ஓராண்டில் உங்கள் வீச்சின் வேகம் மாறும், பாதை மாறும், பந்து எழும்பும் கோணம் மாறும். இன்றைக்குப் பொருந்துவது ஆறு மாதத்தில் பொருந்தாது. கம்பெனிகளோ ஓரிரு ஆண்டுக்கொரு முறை புதுசை இறக்கி, முந்தையதன் விலையைத் தாங்களே சரிக்கின்றன. அரை லட்சத்தின் பெரும் சரிவை முதல் சொந்தக்காரர்தான் சுமக்கிறார். அந்தச் சரிவு முடிந்தபிறகு வாங்குகிறவர், ஒரு வருஷம் ஆடிவிட்டு ஏறக்குறைய வாங்கிய விலைக்கே தள்ளிவிடலாம்.

இதே காரணத்தால்தான், "முதலில் ஃபிட்டிங் போங்க" என்ற நாகரிகமான அறிவுரையையும் ஏற்க முடியவில்லை. பத்து அடியும் பத்து விதமாக வருகிறவரின் வீச்சை அளந்து மட்டை தேர்ந்தெடுப்பது, ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கல்யாணக் கோட்டு தைப்பது மாதிரி. வீச்சு வேகம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ரேடார் கருவி இருக்கும் ரேஞ்சில் கட்டணம் கட்டி அளந்துகொள்ளுங்கள். இலவச ஃபிட்டிங் என்றால், அது முடியும்போது பில் மெஷின் பக்கத்தில் நிற்பீர்கள்.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "புதியவருக்கு டிரைவரே எதற்கு? ஐயனில் பழகட்டும், 3 வுட் போதும்." சிக்கனம் பேசும் நான் இவர்களோடு சேர்வேன் என்று நினைக்கலாம். சேரமாட்டேன். டிரைவருக்கு அடுத்த மட்டையான 3 வுட்டின் தலை டிரைவரில் பாதிகூட இல்லை. டிரைவரில் பந்து உயரமான டீயின்மேல் உட்கார்ந்திருக்கும், 460 கன சென்டிமீட்டர் தலை பின்னாலிருந்து வரும். கூடுமானவரை எளிதாக்கப்பட்ட அடி அது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி டூர் ஆட்டங்களின் ஒவ்வோர் அடியையும் கணக்கிட்டு, நல்ல ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவடிகளில்தான் விளைகிறது என்று காட்டினார். பட்டிங்கில்தான் பணம் என்ற பழமொழி அதோடு போயிற்று. டிரைவர் வேண்டும். முதல் மாதமே வேண்டும். புதிதாக வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

பழையதை வாங்கினால் ஏமாந்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஓரளவு காரணம் இருக்கிறது. பார்த்து வாங்குவதற்கு ஐந்து நிமிஷம் போதும். தலையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்றால் பசை உடைந்து உருள்கிறது, அடிக்கடி வரும் சின்னக் கோளாறு, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லக் காரணம். முகப்பின்மேல் ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். டிரைவர் முகப்பு லேசாக வெளியே பிதுங்கியிருக்க வேண்டும், நடுவில் குழிந்திருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கார்பன் மேற்பகுதியும் முகப்பும் சேரும் விளிம்பில் நகத்தால் தடவுங்கள், விரிசல் இருந்தால் நகம் சிக்கும். தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்துத் திருகு இறுகுகிறதா, அதற்கான ரெஞ்ச் கூட வருகிறதா என்று கேளுங்கள். கிரிப் வழவழத்துப் போயிருந்தால் கவலை வேண்டாம், மாற்றுவது சின்னச் செலவு. தலையின் உச்சியில் வெள்ளைக் கோடுகள், கீறல்கள் இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். முன்னாள் சொந்தக்காரர் பந்தை வானத்துக்கு அனுப்பிய அடையாளங்கள் அவை. பந்துக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது, விலைதான் இறங்கும். இன்னும் சில மாதத்தில் நீங்களும் நாலு கோடு சேர்க்கப் போகிறீர்கள். போலிக்குப் பயந்தால், பயப்பட வேண்டியது இந்த வருஷ மாடல் பாதி விலைக்கு வரும்போதுதான். ஆறு வருஷத்துக்கு முந்தைய மாடலைப் போலியாகச் செய்து விற்பவனுக்கு அதில் என்ன கிடைக்கும்?

இவ்வளவு சொன்னபிறகும் நண்பர் புது மாடலையே எடுப்பார் என்று எனக்குத் தெரியும். முதல் டீயில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உறையை உருவினால், உள்ளேயிருந்து பளபளவென்று இந்த வருஷத்துத் தலை வெளியே வர வேண்டும். அந்த ஆசையில் குற்றமில்லை. வாட்ச்சுக்கும் பைக்குக்கும் செய்கிற செலவுதான். ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கட்டும், வாழ்த்துகிறேன். இன்னும் பந்து எழும்பாத ஒருவரிடம் போய் அதைத் தொழில்நுட்பம் என்று சொல்லாமல் இருந்தால் போதும். அந்தப் புதியவர் கையில் மிஞ்சும் முப்பது நாற்பதாயிரத்துக்குச் சில மாதத்துக்கான கோச் கட்டணமும், ரேஞ்சில் வாளி வாளியாகப் பந்தும், தொலைப்பதற்கென்றே இரண்டு டஜன் பழைய பந்தும், அந்த மார்க்கரும் வரும்.